மேற்குப் பக்கம் ஜன்னல் வேண்டாம்

ஜூலை 8, திங்கள்

இந்த நோட்டைக் காலேஜ் பிள்ளைகள் கொடுத்தார்கள். ஆர்க்கிடெக்சர் படிக்கிற ரெஹானா, சிவில் படிக்கிற ஜெபராஜ், கரண்டு வேலை படிக்கிற கவின். மூன்று பேரும் சேர்ந்து ஒரு கட்டடம் வரைந்து, அதைத் தாங்களே கட்டியும் காட்ட வேண்டுமாம். அதுதான் இந்த வருஷம் பரீட்சை.

என்ன கட்டடம் என்று கேட்டேன். காலேஜைக் கூட்டித் துடைக்கிற எங்கள் நாலு பேருக்கும் உட்கார ஓர் அறையாம். இதற்கு முன்னால் எங்களை உட்காரச் சொன்னது பஸ் கண்டக்டர் மட்டும்தான்.

"தெனமும் என்ன செய்தீங்க, எங்க உக்காருதீங்க, எங்க சாப்பிடுதீங்க, எல்லாம் இதுல எழுதுங்கக்கா" என்றாள் ரெஹானா.

"நான் ஏழாங்கிளாஸ் பிள்ளே. என் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும்."

"எங்க சார் எழுத்த நீங்க பாத்ததில்லல்லா" என்றான் ஜெபராஜ்.

வெள்ளிக்கிழமைதோறும் வந்து போனில் படம் எடுத்துக்கொள்வார்களாம். முன்பக்கத்திலிருந்து எழுதுவது பிள்ளைகளுக்கு. நோட்டைத் திருப்பி, கடைசித் தாளிலிருந்து எழுதுவது எனக்கு. இது என் பக்கம்.

பெயர் கேட்டார்கள். ஆவுடைத்தாய். வயசு நாற்பத்தாறு. மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில். வீட்டுக்காரர் தை மாதம் இறந்துவிட்டார். இதே காலேஜில் மெயின் கேட்டு வாட்ச்மேனாக இருந்தார். பிள்ளைகளிடம் "தவறிட்டாவ" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். எங்கே வேலை பார்த்தார் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்காததை என்னத்துக்குச் சொல்ல.

ஜூலை 9, செவ்வாய்

முன்பக்கத்தில் எழுதியது: காலை ஆறரைக்கு வந்தேன். ஹாஸ்டல் பக்கம் இருக்கிற பின் கேட்டு வழி. இரண்டு மாடி கூட்டினேன். மத்தியானம் மாடிப்படிக்கு அடியில் இருந்தேன்.

எழுதாதது: பின் கேட்டு வழியாக வந்தால் கால் மணி நேரம் கூட நடக்க வேண்டும். நடந்தால் சர்க்கரை வராது என்று டிவியில் சொன்னார்கள்.

ஜூலை 11, வியாழன்

இன்றைக்கு என்னை அளந்தார்கள். நின்றால் எவ்வளவு, உட்கார்ந்தால் எவ்வளவு, குனிந்தால் எவ்வளவு, துடைப்பத்தோடு கை நீட்டினால் எவ்வளவு. ரெஹானா டேப்பைப் பிடிக்க, ஜெபராஜ் எழுத, கவின் படம் எடுத்தான். ஜாக்கெட் தைக்கிறவள்கூட இத்தனை அளவு கேட்டதில்லை.

அதற்கப்புறம் செல்லக்கனி. அவளும் நானும் ஒரே மாடியில் வேலை. டேப்பைக் கொண்டு இடுப்புப் பக்கம் போனதும் அவள் போட்ட சத்தத்தில் லைப்ரரியிலிருந்து ஆள் வந்துவிட்டது.

"அகலமெல்லாம் என்னத்துக்குல? நான் என்ன உன் பீரோவா?"

"வாசக்கதவுக்குக்கா."

"உங்க ஆத்தா எந்தக் கதவுல நொழையுதாளோ அதுலயே நானும் நொழைஞ்சுக்கிடுவேன். போ அந்தப் பக்கம்."

மத்தியானம் மூன்று பேரும் தூக்குவாளியோடு மாடிப்படிக்கு அடியில் வந்து எங்களோடு உட்கார்ந்தார்கள். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டுமாம். ஜெபராஜ் ஆறடி. உட்காரும்போது தலையில் ஒரு இடி, எழுந்திருக்கும்போது ஒரு இடி.

"எப்படிக்கா இத்தன வருசமா?"

"நாங்க குனிஞ்சேதானப்பா இருக்கோம். எங்களுக்கு எங்க இடிக்கும்?" என்றாள் செல்லக்கனி.

அவன் சிரிக்கவில்லை. அதை அப்படியே தன் நோட்டில் எழுதினான்.

"அக்கா, நீங்க சாப்பிடலீங்களா?" என்று கவின் என்னைக் கேட்டான். அவன் கோபிச்செட்டிபாளையம், எல்லாவற்றிலும் ஒரு 'ங்க' ஒட்டிக்கொண்டு வரும். காலையில் நிறையச் சாப்பிட்டேன் என்றேன்.

ஜூலை 15, திங்கள்

அறை எங்கே வருகிறது என்று காட்டினார்கள். ஒர்க் ஷாப்புக்குப் பக்கத்தில் வாதமரத்தடி. தாளில் வரைந்த படத்தை மைதானத்தில் நிஜ அளவுக்குச் சுண்ணாம்புத் தூளால் தரையில் போட்டு, எங்களை உள்ளே நடக்கச் சொன்னார்கள். கோலத்துக்குள் குடியிருந்து பார்ப்பது மாதிரி.

செல்லக்கனி நேரே நடந்து போனாள்.

"அக்கா! அக்கா! செவுத்துக்குள்ள போறீங்க!"

"செவுரா? எங்கல இருக்கு?"

"இப்ப நீங்க நிக்கிறது கழுவுற தொட்டி மேலக்கா."

"முன்னாலயே சொல்லக் கூடாதா?" என்று சேலையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்று செல்லக்கனி பிறகு சொன்னாள்.

பெஞ்சு போட்டிருந்தார்கள், ஒன்றேகால் அடி அகலம். செங்கல் அடுக்கி அதில் உட்காரச் சொன்னார்கள். நான் காலை மடக்கிச் சம்மணம் போட்டேன். முழங்கால் இரண்டும் அந்தரத்தில் நின்றன. ரெஹானா வாயைப் பிளந்துவிட்டாள்.

"காலத் தொங்கவிட மாட்டீங்களா?"

"காலையில இருந்து தொங்குத காலுதான பிள்ளே அது. மத்தியானமாச்சும் மடக்க வேண்டாமா?"

புத்தகத்தில் உட்காருகிற ஆள் காலைத் தொங்கவிட்டுத்தான் இருப்பானாம். அந்தப் புத்தகத்து ஆள் ஒரு நாளும் கூட்டியிருக்க மாட்டான். பெஞ்சு இப்போது இரண்டரை அடி.

ஜூலை 16, செவ்வாய்

கவின் ஒரு குழாய் சொன்னான். கையை நீட்டினால் தானே தண்ணீர் வருமாம். "கோயில்லயே இருபது வருசமா கைய நீட்டிக்கிட்டு நிக்கேன். ஒண்ணும் வரல" என்றாள் செல்லக்கனி. திருகுகிற குழாயே போதும் என்று முடிவானது.

ஜூலை 18, வியாழன்

அட்டையில் அறையைச் செய்து கொண்டுவந்தார்கள். மேசை மேல் ஒரு சாண் உயரத்துக்கு வீடு. உள்ளே பெஞ்சு, தொட்டி, சேலை போடக் கொடி. தாளில் வெட்டின ஒரு பொம்பளை கையில் துடைப்பத்தோடு நிற்கிறாள். என் கட்டைவிரல் அளவு.

"இது நீங்கதான்க்கா" என்றான் ஜெபராஜ்.

"இந்த அளவுக்கா என்னைய மணிக்கணக்கா அளந்தீங்க?"

குனிந்து, ஒரு கண்ணை மூடி, அந்தப் பொம்பளை நிற்கிற இடத்திலிருந்து பாருங்கள் என்றார்கள். பார்த்தேன். மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் காலேஜ் மெயின் கேட்டு, தீக்குச்சியில் செய்தது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. நாற்காலியில் தாளில் வெட்டின ஒரு ஆள்.

"அது யாரு?"

"அது சும்மா அளவுக்குக்கா. ஆள் இருந்தாத்தான கட்டடம் எம்புட்டு ஒசரம்னு தெரியும்."

"கேட்டுன்னா வாட்ச்மேன் வேணுமில்லீங்களா? காத்துல போயிரக் கூடாதுன்னு ஃபெவிகால் போட்டு நல்லா ஒட்டிட்டேனுங்க" என்றான் கவின்.

மேற்குப் பக்கம் ஜன்னல் வேண்டாம் என்றேன்.

"ஏன்க்கா?"

"வெயிலு. சாயங்கால வெயிலு மூஞ்சில அடிக்கும்."

மூன்று பேரும் எழுதிக்கொண்டார்கள்.

மத்தியானம் தலை சுற்றியது. ஃபெவிகால் வாசனையாக இருக்கும்.

ஜூலை 22, திங்கள்

வெயிலுக்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே சாய்வாகப் பலகைகள் வருமாம். நாலு மணி வெயில் அதில் முட்டித் திரும்பிப் போய்விடும். அட்டையில் செய்து, போன் லைட்டைச் சூரியனாகப் பிடித்துக் காட்டினார்கள். உண்மையிலேயே வெயில் உள்ளே வரவில்லை.

நாய் வரும் என்றேன்.

ஜூலை 23, செவ்வாய்

காலேஜில் கிடக்கிற நாயை ஜெபராஜ் பிஸ்கட்டைக் காட்டித் தாண்ட வைத்து, எவ்வளவு உயரம் தாண்டுகிறது என்று சுவரில் கோடு போட்டிருக்கிறான். மூன்றடி நாலு அங்குலம். அதற்கு மேல் அதற்கு ஆசை இல்லையாம். ஒரு பாக்கெட் பிஸ்கட் காலி. ஜன்னல் கட்டையை வெளிப்பக்கம் சரிவாக வைத்தால் நாய்க்குக் கால் வைக்க இடம் இருக்காதாம்.

புழுதி என்றேன்.

ஜூலை 24, புதன்

வலை. இரண்டு அடுக்கு. கழற்றிக் கழுவலாம்.

சேலை மாத்தும்போது ஆம்பளைகள் பார்ப்பார்கள் என்றேன்.

ஜூலை 25, வியாழன்

சேலை மாற்ற அறைக்குள்ளேயே தனி மூலை, ஆளுயரத் தடுப்போடு. இது நல்ல யோசனைதான். செல்லக்கனி கையைத் தட்டினாள். இத்தனை வருஷமாகப் பாத்ரூமில் ஒற்றைக் காலில் நின்று மாத்துகிறோம்.

இப்படியே போனால் என்ன செய்வது? நான் ஒரு பொய் சொன்னால் மறுநாள் காலையில் அது அட்டையில் கட்டி வருகிறது. என் வீட்டுக்காரர்கூட நான் சொன்னதை இப்படிக் கேட்டதில்லை. பிள்ளைகளுக்குக் கண்ணெல்லாம் சிவந்து கிடக்கிறது. எனக்குத்தான் பொய் தீர்ந்துகொண்டு வருகிறது.

வாஸ்து என்றேன். மேற்கே ஜன்னல் வைத்தால் ஆகாது.

ஜூலை 26, வெள்ளி

கவினின் மாமா வாஸ்து பார்க்கிறவராம். போனில் பேச வைத்தான். "மேற்குல தாராளமா வெக்கலாமுங்க அம்மிணி, லட்சுமி வருவா" என்றார். வைக்கப் போகிறவர்கள் பிள்ளைகள், வரப் போகிறவள் லட்சுமி, நடுவில் இவருக்கு என்ன வந்தது?

"எனக்கு வேண்டாம்" என்றேன். கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது.

ரெஹானா மற்ற இரண்டு பேரையும் பார்த்தாள். "வேண்டாம்னா வேண்டாம்க்கா. உள்ள இருக்கப்போறது நீங்க. நீங்க சொல்லுததுதான்" என்றாள். அங்கேயே அட்டையை வெட்டி ஜன்னலை அடைத்தாள். தாள் ஆள் அந்தப் பக்கம் போய்விட்டான்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மூங்கிலும் பழைய பேனர் துணியும் தகரமும் வைத்து வாதமரத்தடியில் நிஜ அளவுக்கே ஒரு அறை நிறுத்திவிட்டார்கள். மதுரையிலிருந்து ஒரு சார் வந்து பார்த்து, சரி என்று சொன்னால்தான் கல்லும் சிமெண்டும்.

ஜன்னல் இல்லாத மேற்குச் சுவருக்கு ஆண்டு விழா பேனர். சுவர் முழுக்கப் பிரின்சிபால் முகம்.

"இவர் மூஞ்சியப் பாத்துக்கிட்டே எப்படிட்டி சோறு எறங்கும்?" என்றாள் செல்லக்கனி. பேனரைத் திருப்பிக் கட்டினார்கள்.

உள்ளே பத்து நிமிஷம் இருந்தோம். வெளியே ஆடிக் காற்று வாதமரத்தைப் பிய்க்கிறது. குற்றாலத்துச் சாரல் காற்று அது, மேற்கேயிருந்துதான் வரும். உள்ளே ஒரு இலை அசையவில்லை. செல்லக்கனி முந்தானையால் விசிறிக்கொண்டே என்னைப் பார்த்தாள். பிள்ளைகள் வெளியே போகட்டும் என்று காத்திருந்தாள்.

"ஏட்டி, வெயிலாம், நாயாம், புழுதியாம். அதெல்லாம் அவியகிட்டச் சொல்லு. எங்கிட்டச் சொல்லாத."

"நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லல. நானும் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா நான் வேகுதேன்ட்டி இங்க."

ஆகஸ்ட் 5, திங்கள்

மதுரை சார் வந்தார். தேவகி மேடமும் கூட. அவர்தான் மூன்று பிள்ளைகளுக்கும் டீச்சர். சார் பெஞ்சில் சம்மணம் போட்டுப் பார்த்து நல்லா இருக்கு என்றார். சேலை மாற்றுகிற மூலை நல்லா இருக்கு என்றார். பிறகு கைக்குட்டையை எடுத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சட்டையில் மேல் பொத்தானைக் கழற்றினார்.

"இது ரெஸ்ட் ரூமா, இட்லிக் கொப்பரையாம்மா?"

சார் பேனர் சுவரைத் தட்டினார்.

"மேற்க இப்படிக் காத்து அடிக்குது. அந்தச் சுவரை எதுக்கு மூடுனீங்க?"

"அக்காங்க வேண்டாம்னாங்க சார்" என்றாள் ரெஹானா. என் பெயரைச் சொல்லவில்லை.

"ஏன் வேண்டாமாம்?"

"காரணம் இருக்கும் சார்."

"என்ன காரணம்னு தெரியாமயே ஒரு சுவரைக் கட்டுவியா நீ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாசலில் தண்ணீர் டம்ளர் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். தட்டை இரண்டு கையாலும் பிடித்தேன்.

வெளியே வந்து மேடத்திடம் அவர் சொன்னது காதில் விழுந்தது. வெள்ளிக்கிழமைக்குள் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் இந்த இடத்தில் பைக் ஸ்டாண்டு போடலாம் என்று ஆபீஸில் ஏற்கனவே கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். உட்கார முடியாத அறைக்காக அவர் சண்டை போட மாட்டாராம்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்ததையும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பிள்ளைகள் படம் வரைகிற ஸ்டுடியோவைக் கூட்டப் போனேன். உள்ளே சண்டை.

"தொறந்து வரைஞ்சிரு. அவ்ளோதான். அவங்களுக்கு என்ன தெரியும்?" இது ஜெபராஜ்.

"அவங்களுக்குத் தெரியாதுன்னா என்னத்துக்கு நோட்டு குடுத்து எழுதச் சொன்னோம்? சும்மா படங்காட்டவா?"

"நாலு பேருக்கு ரூமே இல்லாம போயிரும் ரெஹானா."

"அக்கா சொல்லாம நான் தொறக்க மாட்டேன். ஃபெயிலானா ஆயிட்டுப் போறேன்."

"நீ மட்டுமா ஆவ? நாங்களும்லா ஆவோம்."

"ஏனுங்க, ரெண்டு பேரும் கத்தாதீங்க, மாடல் ஆடுது" என்றான் கவின்.

கூட்டாமலே திரும்பி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

ஸ்டுடியோ வாசலை மூன்று தடவை கூட்டினேன். குப்பை இல்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

பத்து மணிக்கு ரெஹானா மூங்கில் அறைக்குள் தனியாக உட்கார்ந்திருந்தாள். வேர்த்துக் கொட்டுகிறது, எழுந்திருக்கவில்லை. மடியில் ஏழெட்டுத் தாள், எல்லாவற்றிலும் ஜன்னல்.

"அக்கா, இன்னும் என்னெல்லாம் காரணம் இருக்கோ அம்புட்டையும் ஒரேயடியா சொல்லிருங்க. தெனம் ஒண்ணு ஒண்ணா வேண்டாம். நான் தூங்கி நாலு நாளாச்சு."

அவளுக்கு இருபத்தொரு வயசு. என் மகளைவிட மூன்று வயசு சின்னவள். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது. நான் செய்த கருப்பு.

போய்ப் பேனர் கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். பேனர் விழுந்ததும் காற்று வந்து அவள் தாள்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போயிற்று. அவள் எடுக்கப் போகவில்லை.

"அங்க பாரு" என்றேன். நான் பார்க்கவில்லை.

"கேட்டு."

"அதுக்குப் பக்கத்துல."

"நாற்காலி."

"அதுல இருந்தவிய எங்க வீட்டுக்காரவிய."

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் இல்லை. பதினோரு வருஷம் அந்த நாற்காலி. பன்னிரண்டரைக்கு நான் சோறு கொண்டுபோவேன், இரண்டு பேரும் கேபினுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவோம். தை மாதம் ஒரு நாள் கொண்டுபோனபோது நாற்காலியைச் சுற்றிக் கூட்டம். இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ரெஹானா நாற்காலியிலிருந்து என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்: "சங்கிலி அண்ணாச்சியா?"

அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டு ஆறு மாதம் ஆகிறது. வீட்டில் நான் சொல்வதில்லை, கட்டின நாளிலிருந்தே சொன்னதில்லை. தலையை ஆட்டினேன்.

"யா அல்லா. எனக்குத் தெரியவே தெரியாதுக்கா. உங்களயும் தெரியும், அண்ணாச்சியயும் தெரியும். ரெண்டு பேரையும் சேத்துத் தெரியாம போச்சே."

"நீங்கல்லாம் கேட்டுல வேகமா போற பிள்ளைய."

"இல்லக்கா, நிப்போம். மாடல் கொண்டுவந்தா காத்துல பறந்திராம அண்ணாச்சிதான் குடையப் பிடிச்சுக்கிட்டு ஸ்டுடியோ வரைக்கும் வருவாவ. லேட்டா வந்தா, பஸ்ஸு பஞ்சராயிட்டு மேடம்னு எங்களுக்காகச் சொல்லுவாவ. ஒரே பஸ்ஸு மாசத்துக்கு எட்டு தடவ பஞ்சராகும்."

"பொய்யா சொன்னாவ?"

"உங்க அளவுக்குத் தெறமையா இல்ல" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்புதான் முதலில் வந்தது. மற்றது பிறகு.

அவள் இன்னொன்றும் சொன்னாள். பன்னிரண்டு மணி தாண்டிவிட்டால் அவர் நாற்காலியை ஒர்க் ஷாப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வாராம். அந்த நேரம் யார் கூப்பிட்டாலும் காதில் விழாதாம். யாரைப் பார்க்கீங்க அண்ணாச்சி என்றால், "பெரிய ஆபீசர் ஒருத்தவிய இன்ஸ்பெக்சன் வாராவ. நேரமாச்சுன்னா திட்டு விழும்" என்பாராம்.

"மூணு வருசமா நாங்க அந்த ஆபீசரப் பாத்ததே இல்லக்கா. ஜெபராஜ் ஒரு நாள் சட்டய இன் பண்ணிக்கிட்டுக் காத்துக் கெடந்தான்."

நான் ஒர்க் ஷாப் பக்கமிருந்துதான் போவேன். திட்டவும் செய்வேன். ஒரு நாளாவது சொன்னாரா மனுஷன்? இருபத்தைந்து வருஷம் என்னைக் கட்டி, இதைப் போய் மேலப்பாளையத்திலிருந்து படிக்க வருகிற இந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ரெஹானா பென்சிலை எடுத்தாள். "ஜன்னல் வேண்டாம்க்கா. வேற வழி பாப்போம். மேல ஓட்டை விட்டு காத்த எறக்குவோம். ஜெபராஜ்கிட்ட நான் பேசிக்கிடுதேன்."

இவ்வளவு கேட்ட பிறகும் அவள் அப்படிச் சொன்னாள். அதுதான் என்னை அசைத்தது. செல்லக்கனி வேகுவதையும், மற்ற இரண்டு பேர் மாடிப்படிக்கு அடியிலேயே கிடக்கப் போவதையும் அவள் மறுபடி என் மேல் போடவில்லை. தானே தூக்கிக்கொள்ளப் பார்த்தாள்.

"ஜன்னல் இருக்கட்டும் பிள்ளே" என்றேன். "கதவு வை. உள்பக்கம் தாழ்ப்பாள் வை. உக்காந்த எடத்துலருந்தே கைக்கு எட்டணும். என்னைக்குத் தொறக்கணும், என்னைக்கு மூடணும்னு நான் பாத்துக்கிடுவேன்."

ஆகஸ்ட் 9, வெள்ளி

மதுரை சார் உள்ளே வந்து உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகக் காற்று வந்து அவர் தலையில் ஒட்டிவைத்திருந்த நாலு முடியையும் தூக்கி நிறுத்தியது. அதை அமுக்கிக்கொண்டே சரி என்றார்.

"திங்கக்கிழமை வேண்டாம்னவங்க இப்ப எப்படி ஒத்துக்கிட்டாங்க?"

"கேட்டோம் சார்" என்றாள் ரெஹானா. அவ்வளவுதான் சொன்னாள். கெட்டிக்காரி.

பைக் ஸ்டாண்டு வேறு எங்கேயோ போகிறது. செல்லக்கனி மூன்று பிள்ளைகளுக்கும் முறுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் கொடுக்கவில்லை. "உனக்கு என்னத்துக்கு? நீ அவிச்ச அவியலுக்கு நான்லா முறுக்கு தின்னணும்."

ஆகஸ்ட் 21, புதன்

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிறார்கள். ஜெபராஜ் மண்வெட்டி பிடிக்கிற அழகைப் பார்த்து, பிடுங்கி நானே நாலு வெட்டு வெட்டினேன். கவினுக்குக் கையெல்லாம் கொப்புளம். நோட்டில் எழுத நேரமில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

சுவர் எழும்பிவிட்டது. கிழக்கும் தெற்கும் தலைக்கு மேல். மேற்கு மட்டும் பாதியில் நிற்கிறது. தாளில் ஜன்னல் கட்டை மூன்றரை அடியில் வருகிறது. அந்த நாய்க்குப் பயந்து போட்ட அளவு. ஆனால் உட்கார்ந்து பார்க்க வேண்டியது நாய் இல்லை என்று ஜெபராஜ் சொல்லி, என்னைக் கூப்பிட்டான். பெஞ்சுக்குக் கல் பாவியாயிற்று. சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சுவர் என் தாடைக்குக் கீழே நின்றது.

ஜெபராஜ் அடுத்த கல்லைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். கொத்தனார் கரண்டியில் சாந்தோடு நின்றார். ரெஹானா என் பக்கத்தில். இந்த உயரம் போதுமா என்று கேட்க அவர்களுக்கு யோசனையாக இருந்தது, தெரிந்தது.

எனக்கும் யோசனைதான். எதிரே கிழக்குச் சுவரில் பார்வையை வைத்துக்கொண்டிருந்தேன். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

அப்போது மெயின் ரோட்டில் ஹாரன். நம் சிமெண்ட் லாரிதான். ஒரு தடவை அடித்தான், இரண்டு தடவை அடித்தான், பிறகு கையை எடுக்கவேயில்லை. கொத்தனார் பல்லைக் கடித்தார். திரும்பிப் பார்த்துவிட்டேன்.

புது வாட்ச்மேன் கேட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஒல்லி ஆள். இரண்டு கையாலும் இழுக்கிறார், முதுகைக் கொடுத்துத் தள்ளுகிறார், கேட்டு அசையவில்லை. லாரிக்காரன் இறங்கி வந்து அவனும் இழுக்கிறான். இழுத்தால் எப்படி வரும்? நேற்று மாதிரி மழை பெய்தால் அதன் சக்கரம் தண்டவாளத்தை விட்டு ஏறிக்கொள்ளும். பதினோரு வருஷமாக அந்தக் கோளாறு இருக்கிறது. அவர் என்ன செய்வார் என்று சோற்றுத் தூக்கோடு எத்தனை தடவை நின்று பார்த்திருக்கிறேன்.

"இழுக்காதிய!" என்று கத்தினேன். அவர்களுக்குக் கேட்கவில்லை. முழங்காலில் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே! இழுக்காதிய! தூக்கணும்! கொஞ்சம் தூக்கி, எடது கால வச்சு ஒரு எத்து எத்துங்க!"

வாட்ச்மேன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று வானத்தைப் பார்த்தார்.

"இங்க! ஒர்க் ஷாப் பக்கம்! தூக்குங்க! ம்... இப்ப எத்துங்க! அந்தக் கால் இல்ல, மத்தக் கால்!"

கேட்டு ஒரு முக்கு முக்கி, கடகடவென்று திறந்துகொண்டது. லாரி உள்ளே வந்தது. வாட்ச்மேன் மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் திரும்ப உட்கார்ந்து காலை மடக்கிக்கொண்டேன். தொண்டை வலித்தது. மூன்று பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெபராஜ் கல்லை இன்னும் கீழே வைக்கவில்லை.

"அக்கா, இன்னும் ஒரு வரி கல்லு வைக்கவா, வேண்டாமா?"

"வேண்டாம்ல" என்றேன். "இருக்கதுலயும் ஒரு வரிய எடு. தெனமும் முழங்கால் போட்டு எந்திரிச்சா கத்த முடியும்?"

கொத்தனார் முனகிக்கொண்டே ஈரம் காயாத கல்லைத் தட்டி எடுத்தார்.